குலாயிலிருந்து மெராம்போங் கடற்புல் வெளிக்கு: ஒரு நாள் பயணச் சேவை பற்றிய மதிப்புரை

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலுள்ள குலாயிலிருந்து, ஜொகூர் நீரிணையில் இருக்கும் மெராம்போங் கடற்புல் திட்டுக்கு ஒரு நாள் பயணம் நடத்தும் சிறு சேவை ஒன்று எங்கள் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களிடையே வாய்மொழியாகவே பரவி வருகிறது. அலுவலகமோ பெயர்ப்பலகையோ இல்லாத சேவை அது. செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் வெளிக்கள மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்ற தமிழர் ஒருவர் வழிகாட்டுகிறார். அவருடைய உறவினர் வேன் ஓட்டுகிறார். பெண்டாஸ் என்ற கடலோரக் கம்பத்து (மலாய்ச் சிற்றூர்) மீனவரான மலாய்ப் பெரியவர் படகைப் பார்த்துக்கொள்கிறார். கொடுக்கிற காசுக்குப் பயன் உண்டா என்று கேட்டால், உண்டு என்பதே என் பதில். ஆயினும், துண்டறிக்கையில் அச்சிட்டிருக்கும் சில கூற்றுகளைத் திருத்திக்கொண்டு, ஒரே வேளையில் புல்வெளியில் இறக்கும் ஆட்களின் எண்ணிக்கையையும் குறைத்தால்தான் இச்சேவையை முழு மனத்துடன் எல்லாருக்கும் பரிந்துரைக்க முடியும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: கடற்புல் தன் ஊட்டச்சத்தை எங்கே சேர்த்து வைக்கிறது என்பதை இந்தப் பயணம் மிக நன்றாகக் காட்டுகிறது, காட்டிய பிறகு அதே இடத்தை மிதிக்கவும் வைக்கிறது.

கடற்கரைச் சுற்றுலா என்றால் வேன் நேராகக் கடலுக்குப் போகும். இந்த வேன் முதலில் நிற்பது குலாய்க்கு வெளியே, செம்பனை வரிசைகளுக்கும் சாலைக்கும் நடுவே ஓடும் ஒரு கால்வாயின் ஓரத்தில். அங்கே வழிகாட்டி உரக் கணக்கிலிருந்து பேச்சைத் தொடங்குகிறார். யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து (நைட்ரஜன்), அமோனியம் சல்பேட்டில் 21 விழுக்காடு, அவற்றோடு மணிச்சத்துக்கு (பாஸ்பரஸ்) பாறைப் பாஸ்பேட், சாம்பல்சத்துக்கு (பொட்டாசியம்) பொட்டாஷ் என்று தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் பழக்கமான மூட்டைகளின் பெயர்களையே சொல்லி, மரத்தின் அடியில் தூவியதெல்லாம் மரத்துக்குள் போய்விடுவதில்லை என்பதை விளக்குகிறார். மண்ணின் மேலே கிடக்கும் யூரியாவில் ஒரு பங்கு அமோனியா வாயுவாகக் காற்றில் கலக்கிறது. ஒரு பங்கு நைட்ரேட்டாக மாறி மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரோடு கசிகிறது. பெருமழை பெய்தால் ஒரு பங்கு மண்ணோடு சேர்ந்து கால்வாயில் இறங்குகிறது. எங்களோடு வந்திருந்தவர்களில் ஒருவர், இளமையில் வாளியைத் தூக்கிக்கொண்டு உரம் போடும் வேலை செய்த அம்மா. “மழை இருட்டிக்கொண்டு வந்தால் மூட்டையைப் பிரிக்க வேண்டாம் என்று எங்கள் கங்காணி சத்தம் போடுவார் தம்பி” என்றார். “சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் அம்மா. பிரித்துப் போட்டிருந்தால் நல்ல பங்கு இந்தக் கால்வாய்க்குத்தான் போயிருக்கும்” என்று வழிகாட்டி பதில் சொன்னபோது, வேனில் தூங்கி வழிந்துகொண்டு வந்த பிள்ளைகள்கூடக் கால்வாயை எட்டிப் பார்த்தார்கள்.

அடுத்த நிறுத்தம் ஸ்கூடாய் ஆற்றின் மேலே ஒரு பாலம். இங்கே அதிக நேரம் செலவிடுவதில்லை, அது போதும். குலாய், செனாய், ஸ்கூடாய் என வரிசையாக ஊர்களைக் கடந்து ஜொகூர் நீரிணையில் விழும் இந்த ஆறு தோட்ட உரத்தை மட்டும் சுமப்பதில்லை, வீட்டுக் கழிவுநீரும் தொழிற்சாலைக் கழிவும் சேர்ந்தே வருகின்றன என்பதை வழிகாட்டி மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. தோட்டத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எளிது. நீரிணைக்கு வந்து சேரும் தழைச்சத்தில் நம் கழிவறைகளின் பங்கும் உண்டு என்பதைக் கேட்க எவருக்கும் விருப்பமிருக்காது. அவர் இரண்டையும் சொன்னார்.

கேலாங் பாத்தாவைக் கடந்து பெண்டாஸ் படகுத்துறையை அடைந்ததும் உயிர்காப்பு அங்கிகள் தரப்படுகின்றன. அவை நல்ல நிலையில் இருந்தன. படகுப் பயணம் குறுகியது. எல்லாரும் ‘பாக்சிக்’ என்று அழைக்கும் அந்தப் படகோட்டி, நீர் வற்றி மேடு தலைகாட்டும் இடத்துக்குச் சற்று முன்பே இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கழியால் ஊன்றிப் படகைக் கொண்டுபோகிறார். இயந்திரத்தின் விசிறி கடற்புல்லின் வேரை அறுத்துவிட்டால் அந்தத் தழும்பு ஆறப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால் இப்படிச் செய்கிறாராம். யாரும் கேட்காமலே அவர் இதைச் செய்வதற்காகவே இச்சேவைக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகத் தருவேன்.

இனி புல்வெளி. ஒரு பக்கம் சிங்கப்பூரின் துவாஸ் துறைமுகப் பளுதூக்கிகள், மறுபக்கம் கடலைத் தூர்த்து எழுப்பிய அடுக்குமாடிகள், நடுவில் கணுக்கால் அளவு நீரில் படுத்துக் கிடக்கும் பச்சை. முதலில் கண்ணில் படுவது எனாலஸ் அகோராய்டிஸ் என்ற கடற்புல்: ஏறத்தாழ ஒரு விரல் அகலத்தில் பட்டை போன்ற இலைகள், சில ஒரு மீட்டரையும் தாண்டும் நீளம், அடியில் கறுப்பு நார் போர்த்திய தடித்த கிழங்குத்தண்டு. அதன் இடையிடையே, கூர்ந்து பார்த்தால்தான் தெரியும் அளவுக்குச் சிறிய ஹாலோபிலா ஓவாலிஸ் என்ற மற்றொரு கடற்புல்; நகத்தளவிலிருந்து கட்டைவிரல் அளவு வரையிலான நீள்வட்ட இலைகள் இரண்டிரண்டாக மணலிலிருந்து எழுந்து நிற்கின்றன. இவை பாசியல்ல, வேர், தண்டு, இலை, பூ, காய் எல்லாம் உள்ள பூக்கும் தாவரங்கள். நீரிலிருந்து இலை வழியாகவும், சேற்றிலிருந்து வேர் வழியாகவும் இரு பக்கமும் சத்தை உறிஞ்சக்கூடியவை.

வழிகாட்டி எனாலஸின் முதிர்ந்த இலை ஒன்றை அறுக்காமல் கையில் ஏந்தி, இரண்டு நகங்களுக்கு இடையே வைத்து மெல்ல வழித்தார். நகத்தில் பழுப்புப் பச்சையாக ஒரு கொழகொழப்பு ஒட்டியது. அதற்கடியில் இருந்த இலை பளபளப்பான பச்சை. அந்தக் கொழகொழப்பு, இலைமேல் குடியேறும் நுண்பாசி. நீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகும்போது புல்லைவிட இந்தப் பாசிதான் முந்திக்கொண்டு வளர்கிறது. வளர்ந்து வெயிலை மறைக்கிறது. அடுத்தடுத்த இலைகளை நாங்களும் பார்த்தோம். இளம் இலைகள் சுத்தமாகவும், முதிர்ந்த இலைகள் நுனியிலிருந்து பாதி வரை மூடப்பட்டும் இருந்தன. ஊட்டச்சத்து மிகுந்தால் செடி செழிக்கும் என்ற தோட்டத்து நம்பிக்கை கடலுக்குள் செல்லாது என்பதை இவ்வளவு தெளிவாக எந்தப் பாடநூலும் எனக்குக் காட்டியதில்லை.

இலையில் எவ்வளவு சத்து இருக்கிறது என்பதைச் சொல்லும் இடத்தில் அவர் எடுத்துக்கொண்ட ஒப்பீடு தோட்டக்காரர்களுக்கே உரியது. செம்பனைக்கு உரம் போதுமா என்பதை அறியத் தோட்டங்களில் 17-ஆவது மட்டையின் ஓலையை வெட்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள்; தழைச்சத்து ஏறத்தாழ 2.5 விழுக்காடும், மணிச்சத்து 0.15 விழுக்காட்டுக்குச் சற்று மேலும் இருந்தால் மரம் நலமாக இருக்கிறது என்று கொள்வார்கள். கடற்புல்லுக்கும் இதே போன்ற அளவுகோல் உண்டு. 1990-இல் கடலியல் ஆய்வாளர் கார்லோஸ் துவார்த்தே உலகின் பல கடற்புல் இனங்களின் இலைகளைத் தொகுத்து ஆராய்ந்ததில், உலர்ந்த எடையில் சராசரியாக 1.92 விழுக்காடு தழைச்சத்தும் 0.23 விழுக்காடு மணிச்சத்தும் இருப்பதாகக் கண்டார். தழைச்சத்து 1.8 விழுக்காட்டுக்கும் மணிச்சத்து 0.2 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கினால் அந்தப் புல் சத்துப் பற்றாக்குறையில் வளர்கிறது என்று கொள்ளலாம்.

இதிலிருந்து எவரும் மனக்கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் கிலோ உலர்ந்த கடற்புல் இலையில் இருப்பது ஏறத்தாழ 19 கிலோ தழைச்சத்து. 50 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 23 கிலோ இருக்கிறது. ஆகவே, ஒரு டன் இலையை உலர்த்திக் குவித்தாலும் அது ஒரு மூட்டை உரத்துக்கு ஈடாகாது. அத்துடன், இலை சில வாரங்களிலோ இரண்டொரு மாதங்களிலோ முதிர்ந்து உதிர்கிறது. உதிர்வதற்கு முன் செடி அதிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும் சத்து சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு அளவே. எஞ்சியது மிதந்து வேறெங்கோ போகிறது, அல்லது அங்கேயே மக்கி மீண்டும் நீரில் கரைகிறது. இலையைப் பார்த்துவிட்டு இதுதான் சேமிப்பு என்று திரும்பிவிடுகிறவர்கள் கிடங்கின் கதவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள்.

கிடங்கு காலடியில் இருக்கிறது. புல் முளைக்காத ஒரு சிறு இடத்தைத் தேர்ந்து, வழிகாட்டி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் சேற்றில் அழுத்தி, மேல்வாயைக் கையால் அடைத்து மெதுவாக வெளியே எடுத்தார். குழாயின் மேற்பகுதியில் ஒரு விரல் கனத்துக்குப் பழுப்பு மணல். அதற்குக் கீழே சட்டென்று நிறம் மாறி, சாம்பலும் கறுப்புமாக அடர்ந்த சேறு. அதில் நூல் நூலாகப் பழைய வேர்கள். மூக்கருகே கொண்டுபோனால் அழுகிய முட்டை நாற்றம். ஆக்சிஜன் எட்டாத அந்தக் கறுப்பு அடுக்கில் கந்தகத்தைச் சார்ந்து வாழும் நுண்ணுயிர்கள் வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடின் நாற்றம் அது. ஆக்சிஜன் இல்லாததால் அங்கே மக்குவது மிக மெதுவாக நடக்கிறது. அதனால் இறந்த வேரும் கிழங்குத்தண்டும் தம் கார்பனையும் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் விட்டுவிடாமல் நெடுங்காலம் கிடக்கின்றன. மேலே நிற்கும் இலைகள் நீரோட்டத்தைத் தடுத்துத் தணிக்க, ஆற்றிலிருந்து வந்த நுண்ணிய துகள்களும் அவற்றில் ஒட்டிய சத்தும் கீழே படிகின்றன. வேர்கள் அந்த வண்டலைக் கவ்வி நிறுத்துகின்றன. புல்வெளி ஒன்றின் ஊட்டச்சத்தில் பெரும்பங்கு செடியில் இல்லை, செடி பிடித்து வைத்திருக்கும் இந்த மண்ணில்தான் இருக்கிறது என்பதைக் குழாயைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு எவரும் மறக்கமாட்டார்கள். பார்த்து முடித்ததும் அந்தச் சேற்றை அதே குழியில் அதே வரிசையில் இறக்கிவிட்டுத்தான் அவர் நகர்ந்தார்.

இந்த இடத்தில் விளக்கம் இன்னும் சற்று நீண்டிருக்கலாம் என்பது என் குறை. வேரின் நுனியிலிருந்து கசியும் ஆக்சிஜன் கறுப்புச் சேற்றுக்குள் மெல்லிய உறையாகப் படர்வதையும், அந்த உறையின் எல்லையில் அமோனியம் நைட்ரேட்டாக மாறுவதையும், பின்பு ஆக்சிஜன் இல்லாத பக்கத்தில் வேறு நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வானத்துக்கே அனுப்பிவிடுவதையும் அவர் இரண்டே வரிகளில் முடித்துவிட்டார். இது சேமிப்பே அல்ல, வெளியேற்றம். நீரிணையின் சத்துச் சுமையை உண்மையாகவே குறைக்கும் வழிகளில் ஒன்று. அதற்கு நேர்மாறாக, வேரருகே வாழும் இன்னும் சில நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துப் புல்லுக்கு ஊட்டுகின்றன. வரவு, இருப்பு, செலவு என்ற மூன்றும் ஒரே சேற்றில் நடப்பதைச் சொல்லாமல் ‘சேமிப்பு’ என்று மட்டும் சொன்னால் கணக்கு அரைகுறையாகிவிடுகிறது.

துண்டறிக்கை அந்த அரைகுறைக் கணக்கைத்தான் அச்சிட்டு வைத்திருக்கிறது. ‘தோட்டங்களிலிருந்து வரும் உரம் முழுவதையும் கடற்புல் உறிஞ்சிக் கடலைத் தூய்மையாக்குகிறது’ என்று முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இது தவறு, தீங்கான தவறும்கூட. புல்வெளிக்கு ஒரு தாங்கும் எல்லை உண்டு. அதற்கு மேல் சத்து வந்தால் இலைப்பாசியும் மிதவைப் பாசியும் பெருகி வெயிலை மறைக்கின்றன, புல் மெலிகிறது, மெலிந்த புல்லின் வேர்களிலிருந்து கசியும் ஆக்சிஜன் குறைய, சல்பைடு வேரைத் தாக்குகிறது, கடைசியில் புல் போனால் அது பிடித்து வைத்திருந்த வண்டல் அலையில் கலங்கி, நெடுங்காலமாகச் சேர்ந்த சத்து மீண்டும் நீருக்கே வந்துவிடுகிறது. உலகில் பதிவான கடற்புல் பரப்பில் 29 விழுக்காடு 1879-க்குப் பின் மறைந்துவிட்டதாக 2009-இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு கூறியது. 1980-க்குப் பின் ஆண்டுக்கு 110 சதுர கிலோமீட்டர் வீதம் அழிவு நடந்ததாகவும் அது கணக்கிட்டது. அந்த அழிவின் முதன்மைக் காரணங்களில் ஒன்று இந்த உரமும் கழிவுமேதான். அவர்கள் நம்பிக்கை ஊட்டும் எண்ணத்தில்தான் எழுதியிருப்பார்கள்; ஆனால் அந்த வரியைப் படித்துவிட்டுக் குலாய்க்குத் திரும்பும் ஒரு பிள்ளை, கால்வாயில் என்ன கொட்டினாலும் கடல் பார்த்துக்கொள்ளும் என்றல்லவா நினைக்கும்?

மற்றொரு பிழை, பல மீட்டர் கனத்துக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த கடற்புல் படுகையின் படத்தைப் போட்டு, அது நம் புல்வெளியின் அடிமண் போலத் தோன்றும்படி விட்டிருப்பது. அத்தகைய படுகை மத்தியதரைக் கடலின் பொசிடோனியா என்ற புல்லுக்கு உரியது. நம்முடைய ஹாலோபிலாவின் மெல்லிய வேர் அப்படிக் கட்டாது. எனாலஸின் தண்டு தடித்ததுதான், ஆனாலும் அதையும் பொசிடோனியாவோடு ஒன்றாக வைக்க முடியாது. உலகக் கடற்புல் மண்ணில் 420 முதல் 840 கோடி டன் வரை கார்பன் இருக்கலாம் என்ற 2012-ஆம் ஆண்டு மதிப்பீட்டைத் துண்டறிக்கை சரியாகவே எடுத்துக் காட்டுகிறது. ஆனால் அந்த எண்ணை மெராம்போங்கின் எண்ணாக எவரும் எடுத்துக்கொள்ளாதபடி ஒரு வரி சேர்க்க வேண்டும். வழிகாட்டியின் வாய்மொழி துண்டறிக்கையைவிட எவ்வளவோ கவனமானது. அவரையே எழுதச் சொன்னால் போதும்.

ஆட்களின் எண்ணிக்கைதான் என்னைப் பெரிதும் வருத்தியது. இரண்டு படகு நிறைய ஆட்கள், பாதிப் பேர் சிறுவர்கள், ஒரே மேட்டில் இறங்கினோம். எனாலஸ் தாங்கும்; ஹாலோபிலா தாங்காது. மணல் இறுகும் அளவுக்கு மிதிபட்ட இடங்களில் அதன் தண்டு அறுந்து, கறுப்புச் சேறு மேலே வந்திருந்ததை நாங்கள் படகுக்குத் திரும்பும்போது கண்ணாரக் கண்டேன். அடைத்து வைத்திருக்கும் சத்து எப்படி வெளியேறும் என்று சற்று முன் கேட்ட பாடம் எங்கள் காலடியிலேயே நடந்துகொண்டிருந்தது. ஒருவர் பின் ஒருவராக வெறும் மணல் வழியில் நடக்கும்படி கயிறு கட்டி, ஒரு வேளைக்கு ஒரு படகு என்று வரையறுத்தால் வருமானம் குறையும் என்பது எனக்குத் தெரியும். கட்டணத்தைச் சற்று ஏற்றட்டும், தருவதற்கு ஆள் இருக்கிறார்கள். கோங்கோங் எனும் கடல் நத்தைகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்ள முயன்ற சிலரை வழிகாட்டி தடுத்தது சரியான செயல். அவை கம்பத்து மக்களின் வயிற்றுப்பாடு.

கடலைத் தூர்ப்பது குறித்த பகுதி மிகச் சுருக்கமாக இருந்தது. 2014-இல் நகரத் திட்டத்துக்காகக் கொட்டிய மணல் இதே புல்வெளியின் குறுக்கே நீண்டதும், அதே ஆண்டில் சுற்றுச்சூழல் துறை பணியை நிறுத்தி வைத்ததும், தாக்க மதிப்பீட்டுக்குப் பின் குறைக்கப்பட்ட பரப்பில் அது மீண்டும் தொடங்கியதும் நாளேடுகளில் வந்த செய்திகளே. அருகிலுள்ள சுங்கை பூலாய் அலையாத்திக் காடு 2003-இல் 9,126 ஹெக்டேர் பரப்புடன் ராம்சார் ஈரநிலமாக (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக) அறிவிக்கப்பட்டது. அந்தக் காடு ஆற்றுநீரின் வண்டலைத் தடுப்பதும், தடுக்கப்படாமல் வருவதைப் புல்வெளி பிடிப்பதும் ஒரே தொடரின் இரண்டு கண்ணிகள். படகில் திரும்பும் நேரத்தில் இதைச் சொல்லலாம். அந்த நேரம் படமெடுப்பதில் கழிந்துவிட்டது.

கட்டணம் பெரியவர்களுக்கு 140 வெள்ளி (ரிங்கிட்), 12 வயதுக்குட்பட்டோருக்கு 80 வெள்ளி; வேன், படகு, காலைக்கு நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு), பெண்டாஸில் மதிய மீன் சாப்பாடு எல்லாம் இதில் அடக்கம். மரக்கறி உணவு வேண்டுவோர் முன்கூட்டியே சொன்னால் தனியாக ஏற்பாடு செய்கிறார்கள். விளக்கம் முழுவதும் தமிழில். பிள்ளைகளுக்குப் பள்ளியில் பழகிய மலாய்ச் சொற்களையும் கூடவே சொல்வதால் ஐந்தாம் ஆண்டு மாணவர்கூடப் பின்தொடர முடிகிறது. கடல்நீர் வற்றம் எந்த நேரத்தில் வருகிறதோ அதற்கேற்பவே புறப்பாடு என்பதால் சில நாட்களில் இருட்டிலேயே கிளம்ப வேண்டியிருக்கும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களைக் கேட்டு வாங்குங்கள். திட்டில் கழிப்பறையும் நிழலும் இல்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் படகிலிருந்து இறங்குவது சிரமம். அவர்களுக்கென ஒரு சிறு ஏணி வைக்கச் சொல்லியிருக்கிறேன், வைப்பதாகச் சொன்னார்கள். செருப்பு சேற்றில் கழன்றுவிடும், கணுக்காலை மூடும் ரப்பர் காலணியே சரி. தமிழ்ப்பள்ளி வகுப்பு ஒன்றை அழைத்துச் செல்ல எண்ணும் ஆசிரியர்கள் மொத்தப் பிள்ளைகளையும் ஒரே நாளில் கொண்டுபோகாமல் இரண்டு வற்றங்களுக்குப் பிரித்துப் பதிவு செய்யட்டும். அப்படிக் கேட்டால் இரண்டாவது நாளுக்கு வேன் செலவைக் குறைத்துக்கொள்வதாக வழிகாட்டி என்னிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார்.